வண்டி மை முதல் பந்தயக் கார் வரை

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிச் சோழவரம் என்னும் ஊர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்து விமானங்கள் வராமற்போன அந்தத் தளம், 1950-களில் மோட்டார்ப் பந்தயத் திடலாக மாறியது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றியது. அதன்பின் 1980-களின் இறுதி வரை, தென்னிந்தியாவில் மோட்டார்ப் பந்தயம் என்றாலே சோழவரம்தான்.

அங்கே ஓடிய வண்டிகளில் பந்தயத்திற்கென்றே கட்டப்பட்டவை சில உண்டு. ஆனால் பந்தயங்களின் பெரும்பகுதி, நாம் சாலையில் அன்றாடம் கண்ட பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர் வகைக் கார்களைக் கொண்டே நடந்தது. வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது அரிதாக இருந்த காலம் அது. வீட்டுக்கு உழைக்கும் காரையே பந்தயத்துக்கும் பழக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சாலையில் ஆண்டுக்கணக்காக ஒரு தொல்லையும் தராத எஞ்சின், பந்தயத் தடத்தில் பத்தே நிமிடங்களில் கெட்டுப் போகக்கூடும். ரேடியேட்டரில் நீர் கொதிக்காமலே கூட இது நேரலாம். அப்படியானால் கேடு எங்கிருந்து வருகிறது? எஞ்சினின் அடியில், பட்டறைகளில் 'சம்ப்' என்று சொல்லும் தொட்டியில் கிடக்கும் மூன்று, நான்கு லிட்டர் எண்ணெயில்தான் இதற்கு விடை இருக்கிறது. அந்த எண்ணெயின் வெப்பநிலையை மனிதன் புரிந்துகொண்டு கட்டுக்குள் கொண்டுவந்த கதை நூறாண்டுக்கும் மேற்பட்டது. அதன் தொடக்கம் நம் மாட்டு வண்டியின் அச்சுக்கு அருகிலேயே இருக்கிறது.

வண்டி மை

விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து, வண்டியோடு தொங்கவிட்டுக்கொண்டு போவது நம் வண்டிக்காரர்களின் வழக்கம். சக்கரத்தின் குடத்துக்கும் அச்சுக்கும் இடையில் இந்த மையைப் பூசுவார்கள். பூசாவிட்டால் சக்கரம் கிறீச்சிடும், அச்சு தேயும், மாடு இழுக்கத் திணறும். எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது என்ற உண்மையை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

ஆனால் எண்ணெய் எவ்வாறு உராய்வைக் குறைக்கிறது? 'வழவழப்பாக இருப்பதால்' என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விடை. மாட்டு வண்டிக்கு அந்த விடை போதும். மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கிய ரயில் வண்டிக்கு அது போதவில்லை. ரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கிகள் சூடேறிக் கெட்டுப் போவது அக்காலத்தில் பெரும் இடையூறாக இருந்தது.

தக்கையைத் தள்ளிய எண்ணெய்

1883-இல் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காகப் பொச்சாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுத் தாங்கியை வைத்துச் சோதனைகள் செய்தார். நான்கு அங்குலக் குறுக்களவுள்ள தண்டு சுழல்கிறது. அதன் மேல் தாங்கி அமர்ந்திருக்கிறது. தண்டின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் பார்ப்பதற்காகத் தாங்கியின் உச்சியில் அவர் ஒரு துளை இட்டார். தண்டு சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. ஒரு தக்கையால் அடைத்தார். எண்ணெய் அதை வெளியே தள்ளிவிட்டது. பிறகு அழுத்தமானியைப் பொருத்தினார். தாங்கியின் மேல் ஏற்றியிருந்த சுமையின் சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மானி காட்டியதோ 200 பவுண்டுக்கும் மேல்!

தண்டு தாங்கியைத் தொடவே இல்லை என்பதை இது காட்டியது. இரண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று, முழுச் சுமையையும் தூக்கிக்கொண்டிருந்தது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதக் கோட்பாட்டை வகுத்தார். தண்டு சுழலும்போது எண்ணெயை ஒரு குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. பாகுநிலை உள்ள திரவம் எளிதில் பின்வாங்காது. ஆகவே அங்கே ஓர் ஆப்புப் போல் நெருக்குண்டு அழுத்தம் பெறுகிறது. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும் கார்ச் சக்கரம் நீரின் மேல் ஏறி வழுக்குகிறதே, அதுவும் இதே தத்துவந்தான்.

ரெனால்ட்ஸ் இத்துடன் நிற்கவில்லை. டவரின் சோதனை எண்களோடு தம் கணக்கு ஒத்துவர வேண்டுமானால், எண்ணெய் சூடாகும்போது அதன் பாகுநிலை எப்படிக் குறைகிறது என்பதும் தெரிய வேண்டும். ஆகவே ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கி அளந்து, வெப்பநிலை ஏற ஏறப் பாகுநிலை அடுக்குக்குறி முறையில் சரிவதைக் காட்டினார். உயவியல் என்னும் துறை பிறந்த அன்றே வெப்பநிலையும் அதன் உள்ளே வந்துவிட்டது.

எண்ணெய் ஏன் சூடாகிறது?

ஒரு கார் எஞ்சினின் கிராங்குத் தண்டும் இவ்வாறே எண்ணெயின் மேல் மிதக்கிறது. கடும் சுமையின்போது அந்தப் படலத்தின் மிக மெல்லிய இடம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். அடுக்கடுக்காக எண்ணெய் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் ஏற்படும் உள் உராய்வு, வெப்பமாக மாறுகிறது. இந்த வெப்பம் ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலிருந்து 5,000 சுற்றுக்குப் போனால், தாங்கியில் தோன்றும் வெப்பம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

இரண்டாவது வழி பிஸ்டன். எரிவாயுவின் வெப்பத்தில் ஒரு பகுதி பிஸ்டனின் தலை வழியாகக் கீழிறங்கி, அதன் அடிப்புறத்தில் தெறிக்கும் எண்ணெயைச் சேர்கிறது. எண்ணெய் உயவுப் பொருள் மட்டுமன்று, குளிர்விக்கும் பொருளும்கூட. ரேடியேட்டர் நீர் எட்ட முடியாத இடங்களில் எல்லாம் குளிர்விக்கும் பணி எண்ணெயுடையது.

பந்தயத் தடத்தில் இவ்விரண்டு வழிகளும் ஒருங்கே பெருகுகின்றன. காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் தேவைப்பட்டதைப் போல் எட்டு மடங்கு 120-இல் தேவை. திருப்பந்தோறும் வேகத்தைக் குறைத்து மீண்டும் முழு விசையுடன் முடுக்குவதும் சேர்ந்துகொள்கிறது.

சிறு கணக்கொன்று போடுவோம். நான்கு லிட்டர் எண்ணெயின் நிறை ஏறத்தாழ 3.5 கிலோகிராம். அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 7 கிலோஜூல் வேண்டும். எண்ணெய்க்குள் வரும் வெப்பம், வெளியேறும் வெப்பத்தைவிட ஒரே ஒரு கிலோவாட் மிகுதி என்று கொள்வோம். ஏழு விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். 3.7 கிலோமீட்டர் தடத்தை ஒரு குடும்பக் கார் 2 நிமிடம் 20 விநாடியில் சுற்றினால், சுற்றுக்கு 20 டிகிரி ஆகிறது. உண்மையில் இவ்வளவு ஏறாது. எஞ்சினின் இரும்பும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், சூடு மிகுந்தால் வெளியேறும் வெப்பமும் மிகும். ஆயினும் முதல் இரண்டு சுற்றில் நன்றாக ஓடிய கார் ஐந்தாம் சுற்றில் ஏன் தடுமாறுகிறது என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும். நீரின் சூட்டைக் காட்டும் முள் அசையாமல் நிற்கலாம். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. எண்ணெய்க்கு அத்தகைய காவல் பழைய கார்களில் பெரும்பாலும் கிடையாது.

விண்ணேறிய விளக்கெண்ணெய்

மாட்டு வண்டிக்கு உதவிய ஆமணக்கு எண்ணெய் இந்த வரலாற்றில் மீண்டும் தலைகாட்டுகிறது. 1899-இல் லண்டனில் சார்லஸ் வேக்பீல்டு என்பவர் உயவு எண்ணெய் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1909-இல் அது வெளியிட்ட எண்ணெய்க்கு 'காஸ்ட்ரால்' என்று பெயர் இட்டனர். ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து வந்த பெயர் அது.

முதல் உலகப் போரின் விமானங்களில், உருளைகளே சுழலும் 'ரோட்டரி' எஞ்சின்கள் இருந்தன. அவற்றில் பெட்ரோலும் எண்ணெயும் எஞ்சினுக்குள் கலக்க நேர்ந்தது. கனிம எண்ணெய் பெட்ரோலில் கரைந்து நீர்த்துப்போகும்; ஆமணக்கு எண்ணெய் எளிதில் கரையாது. சூட்டிலும் அதன் படலம் உறுதியாக நிற்கும். எனவே அதையே பயன்படுத்தினர். எரிந்தது போக மிஞ்சிய எண்ணெய் புகையாக வெளியேறி விமானியின் முகத்தில் அடித்தது. விளக்கெண்ணெய் வயிற்றில் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரிந்ததே. அந்த விமானிகளும் அதை அறிய நேர்ந்தது!

ஆமணக்கு எண்ணெய்க்கு ஒரு பெருங்குறை உண்டு. மிகு வெப்பத்தில் காற்றோடு வினைபுரிந்து பிசினாக உறையும். அடிக்கடி பிரித்துக் கழுவும் பந்தய எஞ்சினுக்கு அது பொருந்தலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டிய வீட்டுக் காருக்குப் பொருந்தாது. கனிம எண்ணெயைத்தான் திருத்திச் செம்மையாக்க வேண்டியிருந்தது.

டப்பாவில் உள்ள எண்கள்

எண்ணெய் டப்பாவில் '40' என்றும் '20டபிள்யூ-50' என்றும் பொறித்திருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். இவை டிகிரிகள் அல்ல. அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911 முதல் வகுத்துவரும் பாகுநிலை வரிசையின் எண்களே இவை. இன்றைய வரையறைப்படி 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருப்பது 40-ஆம் எண், 16.3 முதல் 21.9 வரை இருப்பது 50-ஆம் எண்.

ஆனால் இரண்டு எண்ணெய்கள் 100 டிகிரியில் ஒத்திருந்தாலும், குளிரில் வேறுபடக்கூடும். வெப்பத்தால் எந்த எண்ணெய் மிகுதியாக மாறுகிறது, எது குறைவாக மாறுகிறது என்பதை ஒப்பிட, 1929-இல் டீன், டேவிஸ் என்னும் இருவர் 'பாகுநிலைக் குறியீடு' என்ற அளவையை ஏற்படுத்தினர். பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100. மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. மற்றவை இவற்றை ஒட்டி மதிப்பிடப்பட்டன.

பின்னர் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்களைச் சிறிதளவு எண்ணெயில் கரைத்தார்கள். இவை குளிரில் சுருண்டு ஒதுங்கிக் கிடக்கும். சூட்டில் விரிந்து எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்கும். இதனால் காலையில் இளக்கமாகவும் சூட்டில் போதிய பாகுடனும் இருக்கும் பல்நிலை எண்ணெய்கள் 1950-களில் கடைகளுக்கு வந்தன. 'டபிள்யூ' என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும்.

பல்நிலை எண்ணெய்க்கும் எல்லை உண்டு. 20டபிள்யூ-50 எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரியில் ஏறத்தாழ 160 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் 18. 140 டிகிரியில் 8 அளவுக்கு வந்துவிடும். படலம் அந்த அளவுக்கு மெலிகிறது. தாங்கியின் இடுக்குகள் வழியே எண்ணெய் எளிதாக ஒழுகுவதால் அழுத்தமும் குறைகிறது. அந்த நேரத்தில் கூர்மையான வளைவில் கார் திரும்பினால், சம்பிலுள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும். தாங்கியின் மெல்லிய உலோகப் பூச்சு உருகித் தண்டோடு ஒட்டும். 'எஞ்சின் பிடித்துக்கொண்டது' என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

மற்றொரு கேடு மெதுவாக வருவது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது வேதியியலார் கையாளும் தோராய விதி. 100 டிகிரியில் இருந்த வேகம் 140 டிகிரியில் பதினாறு மடங்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம், பல வாரச் சாலை ஓட்டத்தின் தேய்வை எண்ணெயில் ஏற்றிவிடும்.

சோழவரத்துக்குப் பின்

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், நம் பந்தயக் களத்தையும் மாற்றியது. கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன், இந்தக் குடும்பக் காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் பழக அது வழி திறந்தது. அவர் 1995-இல் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோழவரத்தின் இடத்தை, 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் எடுத்துக்கொண்டது. அதன் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர்.

எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக் கருவியும் இக்காலத்தில் பரவலாயிற்று. இது இருவகைப்படும். ஒன்று, சிறு ரேடியேட்டர் போன்றது. காற்று நேரடியாக எண்ணெயைக் குளிர்விக்கும். மற்றொன்றில் ரேடியேட்டர் நீரும் எண்ணெயும் அருகருகே ஓடி வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும். காற்றால் குளிரும் வகையைக் காண நாம் பந்தயத் தடத்துக்குப் போக வேண்டியதில்லை. 2016-இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மோட்டார் சைக்கிளிலும், அதே ஆண்டின் டி.வி.எஸ். அப்பாச்சி 200-இலும் அதைக் காணலாம்.

நியூட்டனின் குளிர்தல் விதியை மாணவர்கள் அறிவர். வெளியேறும் வெப்பம், பொருளுக்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. எண்ணெய் 120 டிகிரி, காற்று 20 டிகிரி என்றால் வேறுபாடு 100. திருச்சியில் மே மாதத்தில் காற்று 40 டிகிரி. வேறுபாடு 80 தான். குளிர்நாட்டில் போதுமென்று கண்ட அதே கருவி, இங்கே ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கிறது. வெளிநாட்டு அனுபவத்தை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிடக் கூடாது.

ஒரே காருக்கு இரண்டு வாழ்க்கை

இவ்வளவும் படித்தவர்கள், எண்ணெயை எவ்வளவு குளிர்வித்தாலும் நன்று என்று எண்ணலாம். அதுவும் தவறே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறிது, பிஸ்டன் வளையங்களைக் கடந்து சம்பிற்குள் இறங்கும். எண்ணெய் குளிர்ந்திருந்தால் அது அங்கேயே நீராகத் தங்கும். எரியாத பெட்ரோலும் அதனுடன் சேரும். நாளடைவில் சேறு போன்ற கசடு படியும். அமிலம் உலோகத்தை அரிக்கும்.

திருச்சி கே.கே. நகரிலிருந்து மத்தியப் பேருந்து நிலையம் வரை போய் வரும் ஒரு காரை எண்ணிப் பாருங்கள். நீரின் சூட்டைக் காட்டும் முள் சில நிமிடங்களில் நடுவுக்கு வந்துவிடும். எண்ணெய் அதன் பின்னே மெல்லத்தான் ஏறும். அது முழுச் சூட்டை அடையுமுன் பயணமே முடிந்துவிடும். கே.கே. நகரிலிருந்து காவிரியைக் கடந்து திருவரங்கம் வரை சென்றால்தான் எண்ணெய்க்குச் சரியான சூடு கிடைக்கும். இத்தகைய காரில் கட்டுப்பாடு இல்லாத குளிர்விப்பானைப் பொருத்தினால், பந்தய நாளில் எஞ்சின் பிழைக்கும். மற்ற நாட்களில் கசடு சேரும்.

ஆகவே பொறியாளர்கள் கண்ட தீர்வு, ஒரு வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு. எண்ணெய் ஏறத்தாழ 80, 85 டிகிரியைத் தொடும் வரை வால்வு குளிர்விப்பானுக்குப் போகும் வழியைப் பெரும்பாலும் மூடி வைக்கும், பிறகு திறந்துவிடும். நீரோடு வெப்பம் பரிமாறும் வகையில் இன்னொரு நன்மை உண்டு. காலையில் விரைவாகச் சூடாகும் நீர், எண்ணெயைச் சூடாக்குகிறது. தடத்தில் அதே நீர் எண்ணெயின் சூட்டைக் குறைக்கிறது.

சம்பிலுள்ள எண்ணெய் 90 முதல் 120 டிகிரிக்குள் இருப்பது பெரும்பாலான கார்களுக்கு நலம். தன் சொந்தக் காரைத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர் முதலில் வாங்க வேண்டியது எண்ணெய் வெப்பமானி. குளிர்விப்பான் அதற்குப் பிறகுதான். காரோடு வரும் சிவப்பு எண்ணெய் விளக்கு, அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே எரியும். அதற்குள் கேடு நேர்ந்திருக்கலாம். எண்ணெயின் அளவு குச்சியின் மேற்கோட்டை ஒட்டி, ஆனால் அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறும் வரை முழு விசை கொடுக்கலாகாது. முள் 130 டிகிரியை நெருங்கினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். கடைசிச் சுற்றையும் மெதுவாகவே ஓட்டி, அதன் பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். பந்தய நாளுக்குப் பின், குறித்த கிலோமீட்டர் வரும்வரை காத்திராமல் எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. ஒரு கிராங்குத் தண்டை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. சொந்தக் காரைத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்களில் பலருக்கு வீட்டில் வேறு கார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தடத்தில் சீறிய அதே எஞ்சின்தான் திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். டவரின் தக்கையைத் தள்ளிய அந்த மெல்லிய படலம், இரண்டு நாளும் அறுந்துவிடாமல் நிற்பதற்கு அதன் சூட்டை அளந்து அறிவதே வழி.